லியோனார்ட் கோஹன்: எந்த லைவ் ஆல்பத்தில் தொடங்குவது?

அக்கா மகன் போன மாதம் ஒரு ரெக்கார்ட் பிளேயர் வாங்கினான். வீட்டுக்கு வந்தவன் காபி டம்ளரைக் கையில் வாங்கும்போதே கேட்டான்: "மாமா, கோஹனோட லைவ் ஆல்பம் ஒண்ணே ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எது வாங்கட்டும்?" கனடாவின் கவிஞர், பாடகர் கோஹன் எழுதிய பாட்டில் அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான், 'ஹல்லேலூயா'. அதுவும் அமெரிக்கப் பாடகர் ஜெஃப் பக்லியின் குரலில்.

அன்றைக்கு அரைகுறையாக ஏதோ சொல்லி அனுப்பினேன். பிறகு ஒரு வாரம் எல்லாவற்றையும் எடுத்து மறுபடி கேட்டேன். கோஹன் உயிரோடு இருந்தபோதே முழு நீள லைவ் ஆல்பங்கள் எட்டு வெளிவந்துவிட்டன. அவற்றில் மிகப் பழைய பதிவு 1970-இல் எடுத்தது, கடைசிப் பதிவுகள் 2013-இல் எடுத்தவை. இடையில் 43 வருடம். முதலாவதில் பாடுகிற 35 வயதுக்காரரும் கடைசியில் பாடுகிற 78 வயதுக்காரரும் ஒரே ஆள்தான் என்று தெரியாதவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். குரல் அவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது. ஆகவே எந்த ஆல்பம் என்பது, உண்மையில் எந்த வயதுக் கோஹன் உங்களுக்கு வேண்டும் என்ற கேள்வி.

அளந்து பார்க்கக் கையில் ஒரு அளவுகோல் இருக்கிறது. 'பேர்ட் ஆன் த வயர்'. கிரேக்கத்தின் ஹைட்ரா தீவில் 1960-இல் 1,500 டாலருக்கு ஒரு வீடு வாங்கிக் குடியிருந்தார் கோஹன். தீவுக்குத் தொலைபேசிக் கம்பிகள் வந்தபோது ஜன்னல் வழியாக அவற்றைப் பார்த்து மனம் வெறுத்துப் போனவர், பறவைகள் வந்து அந்தக் கம்பியில் உட்காரத் தொடங்கியதும் எழுத ஆரம்பித்த பாட்டு இது. தன் போக்கில் சுதந்திரமாக இருக்கப் பார்த்தேன், அதில் யாரையாவது காயப்படுத்தியிருந்தால் பொறுத்துக்கொள் என்று ஒருவன் சொல்வதுதான் பாட்டு முழுவதும். இதை 35 வயதில் பாடினால் ஒரு அர்த்தம், 73 வயதில் பாடினால் வேறு அர்த்தம். நான் கீழே பேசப்போகிற ஐந்து ஆல்பங்களிலும் இந்தப் பாட்டு இருக்கிறது.

முதலில் 'லைவ் அட் தி ஐல் ஆஃப் வைட் 1970'. பதிவானது 1970 ஆகஸ்ட் 31, வெளிவந்தது 2009-இல். இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் உள்ள தீவில் நடந்த இசை விழா. வந்தவர்கள் ஆறு லட்சம் பேர் வரை இருக்கும் என்று அப்போது மதிப்பிட்டார்கள். டிக்கெட் எடுக்காதவர்கள் வேலியைப் பிடுங்கி உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். பாடகி ஜோனி மிட்செல் பாடிக்கொண்டிருந்தபோது ஒருவன் மேடையேறி மைக்கைப் பிடிக்க, அவர் கண்கலங்கிக் கூட்டத்திடம் மன்றாட வேண்டி வந்தது. கித்தார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசிக்கும்போது மேடையில் தீப்பற்றியது. அதற்குப் பிறகு, நடுநிசி கடந்த வேளையில், தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிவந்து மேடையில் விட்டார்கள் கோஹனை.

அவர் அவசரப்படவில்லை. சின்ன வயதில் அப்பா சர்க்கஸுக்குக் கூட்டிப்போவார், அங்கே ஒருவர் எழுந்து எல்லோரும் ஒரு தீக்குச்சி கொளுத்துங்கள் என்பார், இருட்டில் யார் யார் எங்கே இருக்கிறோம் என்று தெரியும் என்று நிதானமாகக் கதை சொன்னார். நீங்களும் ஒவ்வொருவராகத் தீக்குச்சி கொளுத்துங்கள், பார்க்கிறேன் என்றார். கோஹனுக்கு ஒன்பது வயதாகும்போதே அந்த அப்பா இறந்துவிட்டார் என்பது தெரிந்து கேட்டால் அந்தக் கதையின் எடை கூடும். பிறகு 'பேர்ட் ஆன் த வயர்'. சாவதானமாக, ஏறக்குறைய தூக்கக் கலக்கத்தில். கூட்டம் அடங்குவது காதுக்குத் தெரிகிறது.

இதை ஆவணம் என்று சொன்னால் நூற்றுக்கு நூறு. முதல் ஆல்பமாக வாங்கச் சொல்ல மாட்டேன். வாத்தியங்கள் சில இடங்களில் சுதி தடுமாறுகின்றன, பின்பாட்டுக்காரர்கள் முந்திக்கொள்கிறார்கள். ஆனால் அந்த மேடையை முர்ரே லெர்னர் எடுத்த படம் அதே பெட்டியில் டிவிடியாக வந்தது. அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு கேட்பது வேறு அனுபவம். 'ஃபேமஸ் புளூ ரெயின்கோட்' இன்னும் ஆல்பத்தில் வராத காலத்தில் இங்கே பாடப்படுகிறது. 'சிங் அனதர் சாங், பாய்ஸ்' என்ற பாட்டின் இந்த மேடைப் பதிவையே 1971-இல் ஸ்டூடியோ ஆல்பத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கோஹனை ஏற்கெனவே நேசிப்பவர்களுக்கு இது பொக்கிஷம்.

அடுத்தது, நான் யாருக்கும் முதலில் பரிந்துரைக்காத, ஆனால் நானே அதிகம் கேட்கிற ஆல்பம்: 'ஃபீல்டு கமாண்டர் கோஹன்'. 1979 டிசம்பரில் லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியனிலும் பிரைட்டனிலும் பதிவானது, 22 வருடம் பெட்டியில் கிடந்து 2001-இல் வெளிவந்தது. அவருக்கு 45 வயது. குரல் இன்னும் பாடுகிற குரல். மேலே போகும், வளையும், பின்பாட்டுக்கு ஜெனிஃபர் வார்ன்ஸும் ஷேரன் ராபின்சனும் கூடச் சேரும்போது மென்மையாக உருகும். ஆர்மீனிய வயலின்காரர் ரஃபி ஹகோப்பியன் ஒரு பக்கம், ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியம் வாசிக்கும் ஜான் பிலெசிக்ஜியன் இன்னொரு பக்கம். நம் காதுக்கு இந்த ஆல்பம் உடனே ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறேன். அந்த ஊத், அந்த வயலின் இரண்டுக்கும் கமகத்தின் வாசனை உண்டு. 'த ஜிப்சிஸ் வைஃப்' ஓடும்போது என் அம்மா அடுக்களையிலிருந்து வந்து நின்று கேட்டது நினைவிருக்கிறது. ஒரு வார்த்தை புரியாமலே கேட்டார்.

இந்த 'பேர்ட் ஆன் த வயர்' ஐந்திலும் அழகானது. மன்னிப்புக் கேட்கிறவன் இன்னும் தப்புச் செய்யக்கூடிய வயதில் இருக்கிறான் என்பது குரலிலேயே தெரிகிறது.

அப்புறம் ஏன் இதைப் பரிந்துரைக்கவில்லை? 1984-க்கு முன்பே பதிவானதால் இதில் 'ஹல்லேலூயா' இல்லை, 'டான்ஸ் மீ டு தி எண்ட் ஆஃப் லவ்' இல்லை, 'ஐயாம் யுவர் மேன்' இல்லை, 'ஆந்தம்' இல்லை. மொத்தமே 12 பாட்டு. கோஹனின் பாதிப் பயணம்கூட முடியாத இடத்தில் நின்றுவிடுகிறது.

1994-இல் வந்த 'கோஹன் லைவ்' 1988, 1993 சுற்றுப்பயணங்களிலிருந்து தொகுத்தது. கச்சிதமான ஒற்றை சிடி. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதில் உள்ளதெல்லாம் பிறகு இதைவிட நன்றாகப் பாடப்பட்டுவிட்டது. 1973-இன் 'லைவ் சாங்ஸ்', 2015-இன் 'கான்ட் ஃபர்கெட்' இரண்டையும் எல்லாம் வாங்கியபின் வாங்கலாம்.

இனி 'லைவ் இன் லண்டன்'. 2008 ஜூலை 17, ஓ2 அரீனா. இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும்.

1993-க்குப் பிறகு கோஹன் மேடை ஏறவில்லை. 1994-இல் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வெளியே மவுண்ட் பால்டியில் உள்ள ஜென் மடத்துக்குப் போய்ச் சேர்ந்தவர் ஐந்து வருடம் அங்கேயே இருந்தார். 1996-இல் துறவியாகத் தீட்சை பெற்றார். மலையிலிருந்து இறங்கி 1999-இல் அவர் போன இடம் மும்பை. பேங்க் ஆஃப் இந்தியாவின் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்று, வீட்டிலேயே காலை வேளைகளில் அத்வைதம் பேசிக்கொண்டிருந்த ரமேஷ் பால்சேகரின் முன்னால் போய் உட்கார்ந்தார். வாழ்நாள் முழுக்கக் கூடவே வந்த மனச்சோர்வு அந்தக் காலத்தில்தான் மெல்ல விலகியதாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். ஊர் திரும்பி ஒன்றிரண்டு ஆல்பம் போட்டார். 2004-இல் தெரியவந்தது, முதுமைக்கென்று சேர்த்துவைத்த பணம் போய்விட்டது என்று. பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் எடுத்துவிட்டிருந்தார். வழக்கில் ஜெயித்தார், பணம் கிடைக்கவில்லை.

ஆகவே 73 வயதில் கிளம்ப வேண்டியதாயிற்று. 2008 மே 11 அன்று கனடாவின் ஃபிரெடரிக்டன் என்ற சின்ன ஊரில் சின்ன அரங்கில் தொடங்கினார்கள். இரண்டு மாதத்தில் லண்டன். பணத்துக்காகத் தொடங்கிய பயணம் என்று இதைக் கேட்கும்போது தோன்றவே தோன்றாது. காதில் விழுவது நன்றி மட்டும். சக கலைஞர்கள் தனியாக வாசிக்கும் நேரங்களில் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்பார். டிவிடியில் பார்க்கலாம்.

லண்டன் மேடைக்கு வந்து பதினாலு, பதினைந்து வருடம் ஆகிறது, அப்போது எனக்கு அறுபது, கிறுக்குக் கனவோடு அலைந்த பொடிப்பயல் என்கிறார். அதற்குப் பிறகு விழுங்கிய மனச்சோர்வு மாத்திரைகளின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கிறார். மதங்களையும் தத்துவங்களையும் ஆழமாகப் படித்தேன், ஆனாலும் உற்சாகம் இடையில் புகுந்துகொண்டே இருந்தது என்று முடிக்கிறார். அரங்கம் சிரிக்கிறது. மேலே சொன்ன கதை தெரிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பில் தொண்டை அடைக்கும்.

இரண்டு சிடி, 26 தடங்கள், இரண்டரை மணி நேரம். இசைத்தட்டாக வாங்கினால் மூன்று தட்டு, ஆறு பக்கம். தொடக்கம் 'டான்ஸ் மீ டு தி எண்ட் ஆஃப் லவ்'. மேல்நாட்டுக் கல்யாணங்களில் இதைக் காதல் பாட்டாக வைத்து ஆடுகிறார்கள். நாஜி வதைமுகாம்களில் கொலைக்கூடத்தின் அருகே கைதிகளையே வயலின் வாசிக்க வைத்த செய்திதான் இந்தப் பாட்டின் விதை என்று கோஹன் சொல்லியிருக்கிறார். எண்பதுகளின் ஸ்டூடியோ பதிவுகளில் அவர் மலிவான காசியோ கீபோர்டை நம்பியிருந்தார், அந்த ஒலி இன்று மெலிந்து கேட்கிறது. அதே பாட்டுகளுக்கு இந்த மேடையில் சதை பிடித்திருக்கிறது. ஸ்பெயினின் சரகோசாவைச் சேர்ந்த ஹவியேர் மாஸ் பந்தூரியா, லாவூத் என்ற ஸ்பானியத் தந்தி வாத்தியங்கள், பன்னிரு தந்தி கித்தார் என்று மாற்றி மாற்றி வாசிக்கிறார். 'ஹூ பை ஃபயர்' தொடங்கும் முன் அவர் தனியாக வாசிப்பதை ஆலாபனை என்றே சொல்லுவேன். யூதர்களின் யோம் கிப்பூர் பிரார்த்தனையிலிருந்து எழுந்த பாட்டு அது. யார் நெருப்பால், யார் நீரால் என்று சாவுகளை எண்ணிக்கொண்டு போகும். அதற்கு அப்படி ஒரு முன்வாசிப்பு இல்லாமல் இனி என்னால் கேட்க முடியாது.

பேஸ் கித்தாரும் இசைப் பொறுப்பும் ராஸ்கோ பெக். பின்பாட்டில் ஷேரன் ராபின்சன். இருவரும் 1979 மேடையிலும் இருந்தவர்கள். இதைத் தெரிந்துகொண்டு இரண்டு ஆல்பங்களின் 'பேர்ட் ஆன் த வயர்' பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். லண்டனில் பாட்டின் வேகம் குறைந்திருக்கிறது, ஹாமண்ட் ஆர்கன் அடியில் ஓடுகிறது, குரல் மேலே ஏறாமல் தரையோடு நடக்கிறது. மன்னிப்புக் கேட்க இனி அதிக நேரம் இல்லை என்று தெரிந்தவர் பாடுகிறார்.

'ஹல்லேலூயா'வுக்கு வருகிறேன், அக்கா மகனின் காரணமே அதுதானே. 1984-இல் அந்தப் பாட்டு உள்ள ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிடவே கொலம்பியா நிறுவனம் மறுத்தது. 1991-இல் ஜான் கேல் பாடினார், 1994-இல் பக்லி பாடினார், பாட்டு அவர்களோடு ஊர் ஊராகப் போனது. லண்டன் கச்சேரி நடந்த அதே 2008-இன் டிசம்பரில் பிரிட்டன் தரவரிசையில் அலெக்ஸாண்ட்ரா பர்க் பாடியது முதலிடம், பக்லி இரண்டாமிடம், கோஹனின் மூலப் பதிவு 36-ஆம் இடம். பக்லி பாடும்போது அது காதலில் நொறுங்கிய இளைஞனின் பாட்டு. ஓ2 அரீனாவில் கோஹன் கண்ணை மூடி, சில இடங்களில் முழங்காலிட்டுப் பாடும்போது அது வேண்டுதல். கடைசிப் பத்தியில் ஒரு வரியைத் திருத்தி, உங்களை ஏமாற்றவா இவ்வளவு தூரம் லண்டனுக்கு வந்தேன் என்கிறார். அந்த இடத்தில் எழும் ஆரவாரத்தைக் கேளுங்கள். பக்லியில் தொடங்கியவர்கள் கோஹனிடம் வந்து சேர இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. 'இஃப் இட் பி யுவர் வில்' பாட்டின் வரிகளைக் கோஹன் வசனமாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். பின்பாட்டுப் பாடும் வெப் சகோதரிகள் இருவரும் யாழும் கித்தாரும் வைத்துக்கொண்டு அதைப் பாடுகிறார்கள். ஆயிரக்கணக்கான பேர் உள்ள அரங்கில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை.

குறையையும் சொல்லிவிட வேண்டும். டினோ சோல்டோவின் சாக்ஸபோன் பாட்டுக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும் இடங்கள் உண்டு. எனக்கு அது கடைசிவரை பழகவில்லை. 'ஃபேமஸ் புளூ ரெயின்கோட்' இதில் இல்லை. 'செல்சீ ஹோட்டல்' இல்லை, 'த பார்ட்டிசன்' இல்லை. இந்த மூன்றும் இல்லாத கோஹன் கச்சேரி முழுமையா என்று யாராவது சண்டைக்கு வந்தால் என்னிடம் பதில் இல்லை.

அந்த மூன்றும் 'சாங்ஸ் ஃப்ரம் த ரோடு' ஆல்பத்தில் கிடைக்கும். 2010-இல் வந்தது. அதே சுற்றுப்பயணத்தில் பல ஊர்களிலிருந்து பொறுக்கிய 12 பாட்டு. டெல் அவிவ் அருகே ராமத் கான் மைதானத்தில் 'லவ்வர் லவ்வர் லவ்வர்', கலிபோர்னியப் பாலைவனத்தில் கோச்செல்லா விழாவில் 'ஹல்லேலூயா', கிளாஸ்கோவில் 'பேர்ட் ஆன் த வயர்'. 1973 அரபு-இஸ்ரேல் போரின்போது சினாய்க்குப் போய் இஸ்ரேல் படைவீரர்கள் நடுவே பாடிய நாட்களில் பிறந்தது 'லவ்வர் லவ்வர் லவ்வர்'. 36 வருடம் கழித்து அந்த நாட்டில் அதைப் பாடுகிறார். தனித்தனிப் பாட்டாக எடுத்தால் லண்டன் பதிவுக்கு எந்த வகையிலும் குறையாது. ஆனால் கச்சேரிக்கு ஒரு போக்கு உண்டு, ஒரு பாட்டு அடுத்த பாட்டைக் கையைப் பிடித்துக் கூட்டிவரும். ஊர் மாறி ஊர் தாவும்போது அது அறுந்துவிடுகிறது. லண்டனுக்குத் துணையாக வைத்துக்கொள்ள வேண்டிய ஆல்பம்.

லண்டனுக்கு நிஜமான போட்டி 'லைவ் இன் டப்ளின்' ஒன்றுதான். 2013 செப்டம்பர் 12, கோஹனுக்கு 79 முடிய ஒன்பது நாள் இருந்தது. மூன்று சிடி, 30 பாட்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல். சாக்ஸபோன் போய் அலெக்ஸாந்த்ரு பப்லிட்சியின் வயலின் வந்திருக்கிறது. இந்த ஒரு மாற்றத்தால் குழுவின் நிறமே மாறிவிட்டது. 1979-இன் அந்தப் பழைய வாசனை திரும்பியிருக்கிறது. 'ரெயின்கோட்', 'செல்சீ ஹோட்டல்', 'பார்ட்டிசன்' மூன்றும் உண்டு. 2012 ஆல்பத்தின் 'ஆமென்', 'கம் ஹீலிங்', 'கோயிங் ஹோம்' உண்டு. கிரேக்கக் கவிஞர் கவாஃபியின் கவிதையிலிருந்து கிளைத்த 'அலெக்ஸாண்ட்ரா லீவிங்' பாட்டை முழுக்க ஷேரன் ராபின்சனிடம் கொடுத்துவிட்டு நிற்கிறார். படப்பதிவும் லண்டனைவிடத் துல்லியம்.

பட்டியல் போட்டுப் பார்த்தால் டப்ளின்தான் ஜெயிக்க வேண்டும். பாட்டு அதிகம், குழு மேலானது, விட்டுப்போனது குறைவு. இரண்டு நாள் எனக்கே சந்தேகமாக இருந்தது.

ஆனால் 2013-இல் குரல் ஏறக்குறைய பேச்சாகிவிட்டது. ராகம் முழுவதையும் பெண்களும் வயலினும் தாங்குகிறார்கள், கோஹன் அதன் அடியில் சொற்களை வைத்துக்கொண்டே போகிறார். பாட்டுகளை ஏற்கெனவே அறிந்தவர்கள் அந்தச் சொல் விழும் இடத்தில் பழைய ராகத்தை மனதுக்குள் பாடிக்கொள்வார்கள். புதிதாகக் கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. லண்டனில் குரல் தாழ்ந்திருக்கிறது, ஆனாலும் ராகத்தின் கோடு கேட்கிறது. இன்னொரு வித்தியாசம், டப்ளினில் ஐந்து வருடம் ஊர் சுற்றிய குழுவின் தேர்ச்சி இருக்கிறது. எல்லாம் எப்படி முடியும் என்று அவர்களுக்குத் தெரியும். லண்டனில் அது தெரியாது. நம்மை இன்னும் கேட்பார்களா என்ற கேள்வியோடு வந்த ஒருவருக்கு, பாட்டுக்குப் பாட்டு பதில் கிடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த ராத்திரி இன்னொரு முறை நடக்காது.

ஆகவே அக்கா மகனுக்கு 'லைவ் இன் லண்டன்'. அவனுடைய அப்பா கேட்டிருந்தால் 1979 ஆல்பத்தைக் கொடுத்திருப்பேன், அவருக்கு ஜனரஞ்சகப் பாட்டு எதுவும் பொருட்டில்லை, குரல் இனிக்க வேண்டும். கோஹனின் ஸ்டூடியோ ஆல்பங்களை ஒரு சுற்று கேட்டு முடித்தவர்கள் நேரே டப்ளினுக்குப் போகலாம். சிடி பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு அதில் இன்னொரு சௌகரியம், அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து தட்டைத் திருப்ப வேண்டாம்.

தட்டு வந்து சேர்ந்ததும் போன் செய்தான். "எங்கேருந்து கேக்கறது மாமா?" முதல் பக்கத்திலிருந்துதான் என்றேன். 'ஹல்லேலூயா'வை மட்டும் தேடி ஊசியை வைக்காதே, இடைவேளைக்குப் பிறகுதான் அது வரும், அதுவரை காத்திரு. ராத்திரி சாப்பிட்டு முடித்து, போனை வேறு அறையில் வைத்துவிட்டுக் கேள் என்றும் சொன்னேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு ஒரு செய்தி வந்திருந்தது. "டப்ளின் எங்க கிடைக்கும்?"